சிவப்பும் ஓர் இடைச்செருகலே

மோட்டார்ச் சைக்கிளுக்கும் பண்டிதனுக்கும் யாது தொடர்பு என அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இத்தாலியில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தாம் விலைக்கு வாங்கிய பழைய 'மோட்டோ குட்சி' ஒன்றின் படங்களை அனுப்பி, "ஐயா, இதற்குச் சிவப்பு வர்ணம் பூசலாமா?" என வினவியுள்ளார். ஏட்டுப் பிரதிகளையும் பாடபேதங்களையும் பற்றி வகுப்பில் நான் ஓயாது பேசியதன் விளைவு போலும், இவ்வினா என்பால் வந்தது.

வண்டியின் பெயர் 'பால்கோனே'. வல்லூறு என்பது பொருள். கோமோ ஏரிக்கரையிலுள்ள மந்தெல்லோ ஊரில் 1950இல் வெளிவரத் தொடங்கியது. இதன் சிலிண்டர் நிமிர்ந்து நில்லாது முன்னோக்கிப் படுத்திருக்கும். பாரமான இரும்புச் சில்லொன்று எஞ்சினுக்கு வெளியே வெளிப்படையாகச் சுழலும். இறைச்சி சீவும் பொறியைப் போன்றதெனக் கேலி செய்வாரும் உளர். அச்சில்லின் பாரத்தாலேயே எஞ்சின் பதற்றமின்றி, ஒவ்வோரடியாக எண்ணத்தக்க நிதானத்துடன் ஒலிக்கிறது. 1921இல் அந்நிறுவனம் செய்த முதல் வண்டியின் சிலிண்டருக்குரிய 88 மில்லிமீற்றர் விட்டமும் 82 மில்லிமீற்றர் வீச்சும் இதிலும் மாறவில்லை. முதனூலின் வழிநின்ற வழிநூல் என்பேன்.

மாணாக்கரின் வண்டி இராணுவத்திற் பணிசெய்தது. சாம்பல் கலந்த பச்சை நிறம். தாங்கியின் இருமருங்கும் எவனோ ஒரு வீரனின் முழங்கால் உராய்ந்த தேய்வு. இத்தகைய வண்டிகளை வாங்கிச் சிவப்புப் பூசி, 'ஸ்போர்ட்' வகைபோல ஒப்பனை செய்வது அந்நாட்டில் நெடுநாள் வழக்கம். சிவப்புக்கு மதிப்பும் விலையும் அதிகம். பிற்காலத்தான் ஒருவன் தன் செய்யுளைப் பழம்புலவன் பாட்டினுள் நுழைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

"என் பணத்தில் வாங்கியது, என் விருப்பம்" என்பாருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. பிஸ்டனும் வால்வும் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். ஓடாத வண்டி, திறவாத ஏட்டுக்கட்டு. மாற்றியதை மறைப்பதே பிழை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2013இல் நடைமுறைப்படுத்திய டூரின் சாசனம், திருத்தி அமைப்பதிலும் இருந்தபடி பேணுவதையே முதன்மையாகக் கொள்கிறது. மாற்றிய உறுப்புகளில் கண்ணை உறுத்தாத, அழியாத அடையாளம் இடுமாறும் கூறுகிறது. நல்ல பதிப்பாசிரியர் செல்லரித்த இடத்திற் புள்ளியிட்டு விடுவாரேயன்றித் தம் சொல்லை நிரப்பார். சாசனம் வகுத்தோர் நம் ஏடுகளைக் கண்டிரார்; ஆயினும் நெறி ஒன்றே.

பச்சைக்குக் கீழே தொழிற்சாலை இட்ட சிவப்பே இருக்குமாயின் என் கூற்று மாறும். ஆகவே, மறைவான ஓரிடத்தில் மெல்லச் சுரண்டிப் பார்க்குமாறும், சட்டத்திற் பொறித்த இலக்கத்தைப் பழைய பதிவுகளோடு ஒப்புநோக்குமாறும் எழுதினேன். மறுமொழி வந்துவிட்டது: சுரண்டிய இடத்திற் பச்சைக்குக் கீழே இரும்புதான். சிவப்பு வர்ணத்தையோ முன்னரே வாங்கிவிட்டாராம். கடைக்காரர் அதைத் திரும்ப ஏற்க மறுக்கிறார் என்பதே இப்பொழுது அவர் கவலை.