உழைப்பாளியின் உறக்கத்தைப் பறித்தது யார்?

கொரோனா ஒழிந்தது என்கிறார்கள். 2023ம் ஆண்டு மே 5ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனமே சர்வதேச அவசர நிலை முடிந்துவிட்டதாக அறிவித்தது. நல்லது, மகிழ்ச்சி. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: அந்த நாட்களில் பறிபோன உழைப்பாளியின் தூக்கம் திரும்பி வந்துவிட்டதா?

தூக்கமும் ஒரு பிரச்னையா என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். கூலியும் போனசும் ரேஷனும்தான் பிரச்னை, தூக்கம் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் என்று எண்ணக்கூடும். அது தவறு என்று கூறவே இதை எழுதுகிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்குப்படி இரண்டிலும் சேர்த்துச் சுமார் 13 லட்சம் ஜனங்கள். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. அரியலூரில் பூமிக்கடியில் சுண்ணாம்புக் கல் உண்டு. அதைத் தோண்டிச் சிமெண்ட் ஆக்கும் ஆலைகளும் உண்டு. ஆனாலும் சொந்த ஊரில் பிழைக்க வழியில்லாமல் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குச் சோறு போட்டது கோயம்பேடு மார்க்கெட்.

கோயம்பேடு இரவில் விழித்திருக்கும் சந்தை. சென்னை நகரம் காலையில் காய்கறி தின்ன வேண்டுமானால், நள்ளிரவில் ஒருவன் லாரியிலிருந்து மூட்டை இறக்க வேண்டும். விடிந்த பிறகுதான் அவனுக்குப் படுக்கை. அதுவும் மூட்டைகளுக்கு நடுவே, இரைச்சலுக்கு நடுவே. கொரோனா வருவதற்கு முன்பே அவன் தூக்கம் பாதி போயிருந்தது.

2020 மார்ச் 25ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு. ஊரை அடைத்தார்கள், ஆனால் மார்க்கெட் நடந்தது, மூட்டை தூக்கியவனும் அங்கேயே இருந்தான். நோய் அங்கே பரவியது. மே 5ந் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. கிடைத்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார்கள் தொழிலாளர்கள். மே 6ந் தேதி தமிழகத்தில் புதிதாக நோய் கண்டவர்கள் 771 பேர். சென்னையில் 324, அதற்கு அடுத்தபடி அரியலூரில் 188! பெரும்பாலோர் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள்.

நகரத்துக்குச் சோறு போட்டவன், ஊருக்குள் நோயைக் கொண்டு வந்தவன் என்று தூற்றப்பட்டான். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் தனிமைப்படுத்தி வைத்தார்கள். நோய் பரவாமல் தடுக்க அது தேவைதான். ஆனால் அங்கே பாயில் படுத்தவன் மனதில் என்ன ஓடியிருக்கும்? வெளியே போனால் ஊர் சேர்க்குமா? மார்க்கெட் திறக்குமா? வீட்டில் அடுப்பு எரிகிறதா? இத்தனை கேள்விகளைத் தலையணையாக வைத்துக்கொண்டு எவனால் உறங்க முடியும்?

கடனைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி தவணைக்கு அவகாசம் தந்தது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்டு 31 வரை. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை! கூலி நின்ற நாளிலும் ஓய்வில்லாமல் உழைத்தது வட்டி ஒன்றுதான். குழுக் கடன் பெண்கள் பெயரில் இருக்கிறது. ஆகவே ஆண் ஒரு பக்கம் புரண்டால், பெண் மறுபக்கம் விழித்துக் கிடந்தாள்.

இந்த வேளையில் நடந்த ஒரு கொடுமையைச் சொல்லாமல் விட முடியாது. அரியலூரில் 188 பேர் என்று கணக்கு வந்த மறுநாள், மே 7ந் தேதி, சென்னை நீங்கலாக மாநிலத்தில் டாஸ்மாக் கடைகளைத் திறந்தது அன்றைய சர்க்கார். மறுநாள் ஐகோர்ட்டு மூடச் சொன்னது. ஒரு வாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு தடை கொடுத்தது. 16ந் தேதி மீண்டும் திறப்பு. மனக் கவலைக்கு மருந்து கேட்டவனுக்குப் பாட்டிலைக் காட்டினார்கள்! தோழர்கள் ஒன்றை அறிய வேண்டும். சாராயம் கண்ணை மூட வைக்கும். ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். மறுநாள் உடம்பு சோரும், மனம் எரியும், கை மீண்டும் பாட்டிலைத் தேடும். அது உறக்கமல்ல, உறக்கத்தின் பெயரால் நடக்கும் கொள்ளை.

தூக்கம் கெட்டால் மனம் கெடும். மனம் கெட்டால் தூக்கம் கெடும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். படுத்தால் தூக்கம் வராமை, நடுவில் விழிப்பு, விடியும் முன்பே எழுந்து மனம் கனத்து உட்கார்ந்திருத்தல் ஆகிய மூன்றும் எச்சரிக்கை மணி. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். இது பைத்தியமல்ல, கோழைத்தனமும் அல்ல. கொரோனாவின் முதல் ஆண்டில் மனப் பதற்றமும் மனச் சோர்வும் உலகெங்கும் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022ல் கூறியது. உலகமே சோர்ந்தபோது பெரம்பலூர்த் தொழிலாளி மட்டும் இரும்பாலானவனா?

சர்க்காரின் குற்றப்பதிவுக் கணக்கு இன்னும் கொடியது. 2021ல் இந்தியாவில் தற்கொலையில் மாண்டவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலில் ஒருவர்! இவர்களில் தமிழகத்தின் பங்கு 7,673, மாநிலங்களில் முதலிடம். வெட்கப்பட வேண்டியது யார்? மனம் உடைந்தவனா, அவனை உடைத்த ஏற்பாடா?

தொழிலாளி இப்படித் தவித்தபோது முதலாளிகள் என்ன கேட்டார்கள்? 12 மணி நேர வேலை! குஜராத் சர்க்கார் 2020 ஏப்ரலில், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலிகூட இல்லாமல், அதற்கு உத்தரவு போட்டது; சுப்ரீம் கோர்ட்டு அக்டோபர் 1ந் தேதி ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையிலும் 12 மணி நேரத்துக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. 1923ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு! எட்டு மணி நேர வேலை என்ற கோஷத்துக்குள்ளே எட்டு மணி நேர உறக்கமும் அடங்கியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

2017ம் ஆண்டின் மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. அரியலூருக்கு 2022ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் செந்துறைக் கூலியாள் பகலில் ஓ.பி. சீட்டுக்கு நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. ஆகவே நமது கோரிக்கைகள் இவை: ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரத்தில் மனநல டாக்டர் வர வேண்டும். கொள்ளை நோய்க் காலத்தில் தவணையோடு வட்டியும் நிற்க வேண்டும். வேலை இழந்தவனுக்கு நிவாரணம் வேண்டும். இரவு வேலை நடக்கும் ஒவ்வொரு சந்தையிலும் தொழிலாளி படுக்க இடம் வேண்டும். எட்டு மணி நேரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

சர்க்காரைக் கேட்பது ஒரு பாதி. மறு பாதி நம் வேலை. சந்தா வாங்கப் போகும் தோழர், “நன்றாகத் தூங்குகிறாயா?” என்றும் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கினால் பக்கத்தில் உட்காரட்டும். 104க்கோ 14416க்கோ போன் போட்டுக் கொடுக்கட்டும், கட்டணமில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகட்டும். வேலை நிறுத்தத்தில் தோளோடு தோள் நிற்கிறவர்கள், விழித்துக் கிடக்கும் தோழனின் இரவிலும் துணை நிற்க வேண்டாமா?

கூலியைப் போராடிப் பெற்றோம். ஓய்வைப் போராடிப் பெற்றோம். உறக்கத்தையும் போராடியே பெறுவோம்!