வாளோங்காது கைமாறிய நகரம்

இவ்வாரம் மாணவ நேயர்களை 1229ஆம் ஆண்டின் ஜெருசலேம் நகருக்கு அழைத்துச் செல்ல விழைகிறோம். சிலுவை யுத்தம் என்றவுடன் ரிச்சர்ட் மன்னரும் சலாஹுத்தீன் சுல்தானுமே நம் நினைவில் முன்நிற்பர். அவர்களுக்கு ஒரு தலைமுறைக்குப் பின் அந்நகரம் போரின்றியே கைமாறியது. அச்செய்தியோ பலருக்கும் தெரிவதில்லை.

அப்போது எகிப்தை ஆண்டவர் சலாஹுத்தீனின் தம்பி மகனான அல் காமில். 1219இல் சிலுவைப் படையினர் நைல் நதி முகத்திலுள்ள தமியெத்தாவை முற்றுகையிட்டிருந்த வேளையில், எகிப்தைவிட்டு நீங்குவீராயின் ஜெருசலேமைத் தருவோம் என்று அவர் சொல்லியனுப்பினார். பாப்பரசரின் பிரதிநிதியாக வந்திருந்த பெலாஜியஸ் கர்தினால் இணங்கவில்லை. 1221இல் அப்படை நைல் வெள்ளத்திற் சிக்கி, பிடித்த தமியெத்தாவையும் திருப்பிக் கொடுத்து, வெறுங்கையுடன் மீண்டது.

இனி மேற்றிசைக்கு வருவோம். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் இலத்தீன், கிரேக்கம், அரபு என்னும் மூன்று மொழிகளும் ஒலித்த சிசிலித் தீவில் வளர்ந்தவர். இராசாளி கொண்டு வேட்டையாடும் கலைபற்றிப் பெருநூல் இயற்றியவர். 1227இல் சிலுவை யாத்திரைக்குக் கப்பலேறிய அவர், நோயுற்றுக் கரை திரும்பினார். பாப்பரசர் ஒன்பதாம் கிரகரி அதனைப் பொய்க் காரணமென்றே கொண்டு, அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். அத்தண்டனை நீங்காமலே 1228இல் பிரெடெரிக் மீண்டும் புறப்பட்டார். திருச்சபையால் விலக்கப்பட்டவரே திருச்சபையின் யுத்தத்துக்குத் தலைமை தாங்கிய விந்தையை என்னென்பது!

இரு வேந்தரையும் சாந்த சீலர்களாக்கிக் காட்ட நாம் முற்படவில்லை. பிரெடெரிக்கிடம் இருந்த படை சிறிது. அவர் இல்லாத வேளையில் பாப்பரசரின் சேனை அவருடைய தென்னித்தாலிய நாட்டினுள் புகுந்திருந்தது. அல் காமிலோ டமஸ்கஸ் நகரைத் தம் அண்ணன் தம்பி வழியினரிடமிருந்து கைப்பற்றும் முயற்சியில் இருந்தார். ஜெருசலேமின் மதில்களும் 1219இலேயே இடிக்கப்பட்டிருந்தன. சுல்தானின் தூதுவர் பக்ருத்தீன் பலமுறை வந்து போனார். பேச்சினிடையே தத்துவமும் கணிதமும் கலந்தன.

1229 பெப்ரவரியில் யாப்பாவில் உடன்படிக்கை நிறைவேறிற்று. ஜெருசலேமும் பெத்லகேமும் நாசரேத்தும் கிறிஸ்தவர் வசமாயின. அல் அக்ஸாப் பள்ளியும் குப்பத்துஸ் ஸக்ராவும் முஸ்லிம்களிடமே இருந்தன. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட போர் நிறுத்தமும் வகுக்கப்பட்டது.

மகிழ்ந்தவர் எத்தனை பேர்? டமஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் புலம்பற் பிரசங்கம் நிகழ, மக்கள் கண்ணீர் வடித்தனர். மறுபுறத்தில் முதுபெருந்தந்தை ஜெரோல்ட், ஜெருசலேமில் வழிபாடு நிகழலாகாதெனத் தடை விதித்தார். மார்ச் 18ஆம் நாள் திருக்கல்லறைத் தேவாலயத்தில் முடிசூட்ட ஆயர் எவருமின்றி, பேரரசர் தாமே முடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அந்நாட்களில் நிகழ்ந்த ஒன்றை அரபு வரலாற்றாசிரியர் இப்னு வாசில் குறித்துள்ளார். விருந்தினருக்கு மரியாதையாகக் காழியார் இரவில் பாங்கோசையை நிறுத்திவைத்தாராம். அதனைக் கேட்பதற்கென்றே தாம் அங்கு தங்கியதாகப் பேரரசர் குறைப்பட்டுக்கொண்டாராம்.

மே முதலாம் நாள் அக்கா துறைமுகத்தில் கப்பலேறச் சென்ற பேரரசர்மீது கசாப்புத் தெருவினர் குடலையும் இறைச்சிக் கழிவையும் வீசினர். நகரமும் நெடுங்காலம் நிலைக்கவில்லை; 1244இல் குவாரிஸ்மியப் படையினர் அதனைச் சூறையாடினர்.

தூதுவர் பக்ருத்தீனுடன் பிரெடெரிக் ஊர் திரும்பிய பின்னரும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1250இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி எகிப்தின்மேற் படையெடுத்தபோது, மன்சூராப் போரில் பக்ருத்தீன் மாண்டார். அவருடைய கொடியிற் பேரரசரின் சின்னம் பொறித்திருந்ததென்று, எதிர்ப்படையில் நின்று போரிட்ட ஜுவான்வில் பிரபு எழுதி வைத்துள்ளார்.