சுண்டெலியும் பரேல் மருத்துவமனையும்
குறிப்பிட்ட ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து உருவாக்கப்படும் மரபணு நீக்கச் சுண்டெலிகள், மார்பகப் புற்றுநோய் தோன்றுவதும் பரவுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதைக் காட்டின. 1998இல் வெளியான ஆய்வொன்றில், இரத்த உறைவைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன் என்ற புரதம் அற்ற எலிகளிலும் கட்டி வழக்கம்போலவே வளர்ந்தது, நுரையீரலுக்குப் பரவுவதுதான் குறைந்தது. ஆனால் எலியின் உடல் பெண்ணின் உடலன்று (செய்தித் தலைப்புகள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன). மும்பை பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில், அறுவைக்குச் சற்றுமுன் கட்டியைச் சுற்றி லிடோகெயின் என்னும் மலிவான மரப்பு மருந்தைச் செலுத்தி, 1,583 பெண்களை ஆராய்ந்து 2023இல் வெளியிடப்பட்ட முடிவில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் மருந்து பெறாதோரிடம் 86.4 விழுக்காடாகவும் பெற்றோரிடம் 90.1 விழுக்காடாகவும் இருந்தது. உயிரணுச் சவ்விலுள்ள சோடியம் வாயில்களை அம்மருந்து அடைப்பதுதான் இதற்குக் காரணமா என்று பிரித்தறிய எலிகள் உதவக்கூடும். அந்த விளக்கம் கிடைக்கும்வரை அறுவை அரங்குகள் ஊசியை ஒதுக்கி வைப்பதில் நியாயமில்லை.