கினோவா நல்லதுதான்... கேழ்வரகு என்ன பாவம் பண்ணிச்சு?

பட்டணத்துல இருந்து பேசுற சொந்தக்காரங்க எல்லாம் இப்ப கினோவா, கினோவான்னுதான் சொல்றாங்க. சரி, அதைப் பத்தி நியாயமாவே பேசுவோம்.

கினோவா தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைக்காரங்க ஆயிரக்கணக்கான வருசமா சாப்பிடுற தானியம். நம்ம சக்கரவர்த்திக் கீரைக்குப் பங்காளி. 100 கிராமுல புரதம் 13, 14 கிராம் இருக்கு. உடம்புக்கு அவசியமான அமினோ அமிலம் ஒன்பதும் இருக்கு. இதை நான் மறுக்கல.

கேழ்வரகுல புரதம் 7 கிராம்தான். ஆனா சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல. கினோவா கிட்டக்கூட வராது. தினையில புரதம் 12 கிராம் வரைக்கும் இருக்கு. சிறுதானியத்துல லைசின் குறைவுதான். அது பருப்புல தாராளமா இருக்கு. களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு ஊத்துன நம்ம கிழவிங்க அந்தக் குறையை எப்பவோ தீர்த்துட்டாங்க.

குளூட்டன் இல்லைன்னு சொல்லி கினோவாவை விக்கிறாங்க. கம்பு, சாமை, வரகு, தினை எதுலதாங்க குளூட்டன் இருக்கு?

அப்புறம் காசு. 2025-26க்கு கேழ்வரகு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோவுக்கு 49 ரூபாய்கூட முழுசா இல்ல. வியாபாரிகிட்ட போனா அதுவும் கிடைக்காது. கினோவா பாக்கெட்டைத் திருப்பி விலையைப் பாருங்க, எத்தனை மடங்குன்னு தெரியும்.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. 2013ஐ கினோவா ஆண்டுன்னு ஐ.நா. சபை அறிவிச்சது. உலகமே வாங்குச்சு, விலை எகிறுச்சு. பெரு நாட்டுல சமவெளிக்காரங்களும் விதைச்சாங்க. ரெண்டு வருசத்துல விலை சரிஞ்சு, பொலிவியா மலைச் சம்சாரி தலையில விழுந்துச்சு. 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னாங்க. எங்களுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. அதனால கேழ்வரகையும் ஒரு மாசம் ஃபேஷனா வாங்கிட்டு விட்டுடாதீங்க.

சர்க்கரை நோய்க்காரங்க கேழ்வரகுதானேன்னு நாலு உருண்டை உருட்டாதீங்க, அளவோட சாப்பிடுங்க. கினோவா பிடிச்சா நல்லாக் கழுவிச் சாப்பிடுங்க. அதுல பூந்திக்கொட்டையில நுரை வர வைக்கிற சபோனின் இருக்கு, கசக்கும்.

நான் கேக்குறது ஒண்ணுதான். மாசம் ரெண்டு கிலோ கேழ்வரகு, ஒரு கிலோ சாமை, வருசம் பூராவும் விடாம வாங்குங்க. முடிஞ்சா விளைய வைக்கிறவன்கிட்டயே வாங்குங்க. அந்த நம்பிக்கை இருந்தாத்தான் மானாவாரி நிலத்துல அடுத்த ஆடிக்கும் நாங்க விதைப்போம். இல்லேன்னா அந்த இடத்துல பிளாட் கல்லுதான் முளைக்கும்.