மன்றம் இல்லாத ஐந்தாண்டுகள்

தேர்தல்கள் தவறாமல் நடக்கின்றன, ஆட்சிகள் அமைதியாகக் கைமாறுகின்றன, ஆகவே நம் ஜனநாயக அமைப்புகள் நலமாகவே இருக்கின்றன என்கிறார்கள். விக்கிரமசிங்கபுரம் நகராட்சியின் கதையை வைத்தே இதை மறுக்கிறேன்.

தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் விதி பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த தேர்தலுக்கான அறிவிப்பை ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு. பிழையைத் திருத்திச் சில மாதங்களில் தேர்தல் நடத்தியிருக்கலாம். நகராட்சிகளுக்கு அது நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243யு பிரிவு சொல்கிறது. இடையில் 2019இல் மக்களவைக்கும் 2021இல் சட்டமன்றத்துக்கும் இதே ஊர் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். குடிநீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான மன்றத்துக்கு மட்டும் வாக்கு இல்லை. அரசு நியமித்த தனி அலுவலரே மன்றமாக இருந்தார்.

கவுன்சிலர்களைவிட அதிகாரிகள் மேல் என்று சொல்வோரும் உண்டு. கவுன்சிலர் கமிஷன் வாங்கினால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். தனி அலுவலரை எந்த வாக்கால் மாற்றுவது?

தாமதித்ததற்காக ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை. 2025 ஜனவரியில் இருபத்தெட்டு மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்களிடம் போயின.