பனிக்கு முன்னே வண்டியைப் பேணுவோம்

மழை ஓய்ந்து கார்த்திகை தீபமும் முடிந்ததும் பனிக்காலம் தொடங்கிவிடுகிறது. அடி அண்ணாமலையைச் சுற்றியுள்ள உழவர்களுக்கு இது பூவும் காய்கறியும் சந்தைக்குப் போகும் காலம். ஆரணிப் பக்கத்து நெசவாளர்களுக்கோ தைப் பொங்கலுக்கும் தை மாதத்து முகூர்த்தங்களுக்கும் சேலை அனுப்பும் காலம். இவ்விரு சரக்கும் இன்று பெரும்பாலும் சிறிய சரக்கு வண்டிகளிலேயே ஏறிச் செல்கின்றன. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வந்தது முதல் 'குட்டி யானை' என்ற பெயரை அறியாத கிராமமில்லை. அதனினும் பெரிய பிக்கப் வண்டிகளும் நமக்குப் பழக்கமானவையே. சங்கத்தின் சொந்த வண்டியாயினும், வாடகை வண்டியாயினும், அதைப் பனிக்காலத்துக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது, எந்த மாறுதல் தகும், எது தகாது என்பது குறித்துச் சில கருத்துக்களை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம்.

"நம் ஊரில் அப்படி என்ன குளிர்?" என்று சிலர் கேட்கக்கூடும். அண்ணாமலையின் அடிவாரத்தில் நீர் உறைவதில்லை என்பது மெய்யே. ஆனால் வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டி, 900 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தில் விடியற்காலைப் பனிமூட்டத்தினூடே போகவேண்டும். சாமையும் புளியும் தேனும் ஏற்றிவர ஜவ்வாது மலைக்குச் செல்லும் வண்டிக்குக் கொண்டையூசி வளைவுகளும் ஈரப் பாதையும் காத்திருக்கின்றன. உதகமண்டலத்துக்குச் செல்ல நேர்ந்தாலோ, அங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்லின் மீது உறைபனி படிகிறது. ஊருக்குள்ளேயும் கவலை இல்லாமலில்லை. மலை வலம் வருவோர் இரவிலும் விடியலிலும் நடக்கும் பாதை நம் வாயிலிலேயே உள்ளது. மூட்டத்தில் வரும் வண்டிக்கு அவர்களும், அவர்களுக்கு அவ்வண்டியும் தெரிந்தாக வேண்டும்.

நிற்க. சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும்போது வண்டிச் செலவு என்ற தலைப்பின் கீழ் நாம் அடிக்கடி காண்பவை எவை? பக்கப் பலகையை உயர்த்திய கூலி, பின்புற வில்லில் கூடுதல் பட்டை சேர்த்த செலவு, முன்புறம் இரும்புக் குழாய்க் காப்பு, வண்ண விளக்குகள், ஓசை மிக்க ஹாரன். பனிவிளக்குக்கோ புது பாட்டரிக்கோ வவுச்சர் காண்பது அரிது. இந்த முறைமை தலைகீழானது என்பதே நமது கருத்து.

பலகையை உயர்த்தினால் ஒரே நடையில் கூடுதல் மூட்டை போகும், வாடகை மிச்சமாகும் என்ற வாதத்தை நாம் அறிவோம். ஆனால் உயர்ந்த பாரம் வளைவில் வண்டியைச் சாய்க்கும். மிகுந்த பாரம் இறக்கத்தில் பிரேக்கைத் தோற்கடிக்கும். பனி ஈரம் படிந்த சாலையில் இவ்விரண்டும் ஒன்று சேர்வதைவிடக் கொடியது இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. இரும்புக் குழாய்க் காப்பையும் மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே விலக்கியது. அது மோதலின் வேகத்தை உள்வாங்காமல், நடந்து செல்வோர் மீதும் வண்டியில் இருப்போர் மீதும் செலுத்திவிடுகிறது. பத்து நடைகளில் மிச்சமான வாடகை ஓர் அபராதத்தில் போய்விடும். உயிர் போனாலோ, எந்தக் கணக்கிலும் அதை நேர் செய்ய இயலாது.

அப்படியாயின் செய்யத்தக்கவை எவை? முதலாவது, பார்வையும் வெளிச்சமும். பனிமூட்டத்தில் உயர்கதிர் விளக்கைப் போட்டால் ஒளி நீர்த்திவலைகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புகிறது. தாழ்வாகவும் அகலமாகவும் ஒளி பரப்பும் பனிவிளக்கு இரண்டை, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் பொருத்துதல் வேண்டும். முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள் என ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்டுதல் வேண்டும். துடைப்பான் ரப்பரை ஆண்டுதோறும் மாற்றுதல் நன்று. கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஈரத்தால் மங்குவதைத் தடுக்க, காற்றூதி நன்கு இயங்கவேண்டும்.

இரண்டாவது, எஞ்சினின் குளிர்நீர். வண்டி சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இது பெருந்தவறு. எஞ்சின் உரிய சூட்டை அடையும் வரையில் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்திவைப்பதே அவ்வால்வின் பணி. அது இல்லையேல் குளிர்ந்த விடியலில் எஞ்சின் நெடுநேரம் சூடேறாது; டீசல் மிகுதியாகச் செலவாகும்; தேய்மானமும் கூடும். வெறும் குழாய்நீர் ஊற்றுவதும் தகாது. உப்புநீர் துருவையும் படிவையும் உண்டாக்கும். மலையில் உறைந்தாலோ, நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து எஞ்சினையே பிளக்கக்கூடும். கூலண்டும் தூய நீரும் சரிபாதியாகக் கலந்தால் உறைவதும் துருப்பிடிப்பதும் ஒருங்கே தவிர்க்கப்படும்.

மூன்றாவது, பாட்டரியும் எண்ணெயும் டீசலும். நீர் உறையும் குளிரில் பாட்டரியின் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே வேளையில் எண்ணெய் தடித்து, எஞ்சினைச் சுழற்ற மிகுந்த சக்தி தேவைப்படுகிறது. வெயில் காலத்தில் தட்டுத் தடுமாறி ஓடிய பாட்டரி பனிக்காலத்தில் கைவிடுவது இதனால்தான். டீசல் வடிகட்டியில் தேங்கும் நீரைத் தவறாது வடித்துவிட வேண்டும். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். இதற்கெனவே லடாக் பகுதிக்காக, உறைநிலைக்குக் கீழ் 33 டிகிரியிலும் இளகி நிற்கும் தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அளித்தது. நமக்கு அது வேண்டுவதில்லை. ஆனால் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழைய யோசனையை மட்டும் எவரும் கேளாதிருக்க வேண்டுகிறோம். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளின் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பை நம்பியே இயங்குகின்றன. மண்ணெண்ணெய் அவற்றை அரித்துவிடும்.

நான்காவது, டயர். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறையுந்தோறும் டயரின் காற்றழுத்தம் சுமார் ஒரு பவுண்டு இறங்குகிறது. ஆகவே காற்றை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளந்து நிரப்பவேண்டும். வழுக்கையான டயரோடு மலைக்கு அனுப்பும் எந்த நிர்வாகக் குழுவும் தன் கடமையைச் செய்ததாகாது.

சரக்கைக் குறித்தும் ஒரு வார்த்தை. குளிர்ந்த மலைப் பகுதியிலிருந்து சமவெளிக்கு இறங்கும்போது, வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த பொருளின் மேல் பட்டு நீராக மாறும். பட்டுச் சேலைக் கட்டின் மேல் அந்நீர் படிந்தால் கறை உண்டாகும், ஜரிகையும் ஒளி மங்கும். கட்டை முதலில் பருத்தித் துணியால் சுற்றி, அதன் மேல் உறையிட்டு, மேலே தார்ப்பாய் இறுகக் கட்டவேண்டும். சேர்ந்த இடத்தில் கட்டு சூடேறும் வரையில் பிரிக்காமலிருத்தல் நலம்.

இறுதியாக, ஓட்டுநர். 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட நம் சிறு வண்டிகள் அவ்விதியில் அடங்கா. நள்ளிரவில் பூ ஏற்றிப் புறப்படும் தொழிலாளியின் நலனை அரசாங்கத்தின் விதி பார்க்காத இடத்தில், கூட்டுறவு பார்க்கவேண்டும். கால்மாட்டில் வெந்நீர்ச் சூடு தரும் ஹீட்டர், கம்பளி மேலாடை, இடையில் ஓய்வுக்கு நேரம் ஆகியவை சலுகைகள் அல்ல. மூட்டைகளின் மேல் ஆளை உட்கார வைத்துப் பனியில் அனுப்பும் வழக்கமும் ஒழியவேண்டும்.

"சந்தைக்கு நேரமாகிவிடும், விலை போய்விடும்" என்ற அவசரம் நியாயமானதே. மல்லிகை காத்திராது. எனினும் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூவைச் சேர்த்தால், அந்த ஒரு மணி நேரத்தை மூட்டத்தில் ஓட்டுநர் மெதுவாகச் செலவிடலாம். வேகத்தை ஓட்டுநரிடம் கேட்குமுன், நேரத்தை நாம் அவருக்குத் தரவேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் கார்த்திகை பிறக்குமுன் நிர்வாகக் குழுவைக் கூட்டி, வண்டியைத் தகுந்த மெக்கானிக்கிடம் காட்டி, மேற்கண்ட செலவுகளுக்குத் தீர்மானம் நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம். பலகையை உயர்த்தக் கேட்கும் அங்கத்தினர், அவ்வண்டியில் செல்வது தம் அண்டைவீட்டு இளைஞன் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக. பொருளோடு ஆளும் பத்திரமாக வீடு திரும்பினால்தான் அந்த நடை லாபக் கணக்கில் சேரும்.