இருட்டறைக்கு எத்தனை சதுர அடி வேண்டும்?

கறுப்பு வெள்ளைப் படங்களுக்காக வீட்டிலேயே ஓர் இருட்டறை அமைப்பது பற்றிப் பேச்செடுத்தால், நம் இலக்கிய நண்பர்கள் இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அது பெரிய வீடும் ஓய்வும் வாய்த்தவர்களின் கடந்தகால ஏக்கம் என்பது ஒன்று. கணினியில் ஒரே சொடுக்கில் முடிவதற்கு எதற்கு இத்தனை பாடு என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒருவரே என்பது தனி வேடிக்கை.

முதல் பதிலை மூலக்கொத்தளத்தில் வைத்துப் பார்ப்போம். இங்குள்ள வாரியக் குடியிருப்புகளில் உபரி அறை என்று ஒன்று கிடையாது. ஆனால் குளியலறை உண்டு, இரவும் உண்டு. சன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, கதவிடுக்கில் பழைய புடவையைச் செருகி, சிவப்பு விளக்கை மாட்டினால் அச்சிட இடம் ஆயிற்று. ஃபிலிம் கழுவ அதுகூட வேண்டாம். ஃபிலிமை டேங்கில் ஏற்றும் சில நிமிடங்களுக்கே முழு இருள் தேவை. கைகளை நுழைத்து வேலை செய்யும் ஒளிபுகாப் பை போதும். என்லார்ஜர் வாங்க இயலாதவர், கண்ணாடித் தகட்டின் கீழ் நெகடிவையும் காகிதத்தையும் சேர்த்து வைத்து, பல்பைச் சில விநாடிகள் எரியவிட்டு காண்டாக்ட் பிரிண்ட் எடுக்கலாம். டி-76 டெவலப்பர் யாருடைய ரகசியமும் அல்ல: ஒரு லிட்டர் கரைசலுக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம். அது 20 டிகிரியில் வேலை செய்ய வேண்டும். நம் மே மாதத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். பனிக்கட்டி போட்ட வாளிக்குள் பாத்திரத்தை நிறுத்த வேண்டியதுதான்.

விலை உண்மையான தடை, மறுக்கவில்லை. 1967 முதல் உதகையில் 'இந்து' ஃபிலிமும் காகிதமும் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. இன்று பெரும்பாலும் இறக்குமதிச் சரக்குதான். ஏக்கம் என்று நம்மை ஏசுபவர்கள் அந்த ஆலைக்காக ஒரு வரி எழுதியதாக நினைவில்லை.

இந்த வட்டாரத்திலிருந்து எழக்கூடிய நியாயமான ஆட்சேபம் வேறு. குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் தெருவில், ஃபிலிம் அலச மணிக்கணக்கில் குழாயைத் திறந்துவிடலாமா? கூடாது. வேண்டியதுமில்லை. டேங்கில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மீண்டும் நிரப்பி 10 முறை, மறுபடியும் நிரப்பி 20 முறை: இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லித்தரும் வழி இது. இரண்டு மூன்று லிட்டருக்குள் முடிந்துவிடும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு ஆலைகள் செய்ததை நாமும் சாக்கடை வழியே செய்யலாகாது. அதில் இரும்பு நாரைப் போட்டுச் சில நாட்கள் வைத்தால் வெள்ளியின் பெரும்பகுதி வண்டலாகப் பிரிந்துவிடும் (எவர்சில்வர் நார் உதவாது). பழைய ஸ்டூடியோக்களில் அந்த வெள்ளிக்குக் காசு கிடைத்தது.

இனி அந்த ஒரு சொடுக்கு. வட சென்னையை அது என்ன செய்கிறது என்பதை நம் இதழ்களின் அட்டைகளிலேயே காணலாம். கான்ட்ராஸ்டை ஏற்றியவுடன் துறைமுகத் தொழிலாளியின் முகம் மையில் தோய்த்த பொம்மையாகிறது. கண் மட்டும் வெண்மை. இதற்கு யதார்த்தம் என்று பெயர் வேறு. இருட்டறையிலும் இந்தக் கொடுமையைச் செய்யலாம். 5ஆம் கிரேடில் அச்சிட்டால் போதும். ஆனால் அங்கே அதை ஒருவர் தம் கையால், விநாடிகளை எண்ணிச் செய்தாக வேண்டும். 2ஆம் கிரேடுக்கு இறங்கி, முகத்தின் மேல் சில விநாடிகள் நிழல் பிடித்தால் கன்னத்து வியர்வையும் நெற்றிச் சுருக்கமும் திரும்ப வரும்.

வானமும் அப்படியே. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியை எடுத்த நெகடிவில் வானம் அடர்ந்திருக்கும். சாதாரணமாக அச்சிட்டால் வெறும் வெண்மை. புகையே இல்லாத தூய வானம். மேற்பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால்தான் புகை காகிதத்தில் ஏறும். அந்தக் கூடுதல் விநாடிகளைத் தீர்மானிக்கும் உரிமை, அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு அவர் வீட்டுக் குளியலறையிலேயே கிடைக்கிறது என்றால், அதை ஏக்கம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த சிறப்பிதழின் அட்டைக்கு வட சென்னைப் படம் தேடும் ஆசிரியர்கள், முகம் தெரியும் அச்சு ஒன்றை இங்கே வந்து கேட்டுப் பார்க்கட்டும்.